அமெரிக்க வெளியுறவுக் கொள்கை நியாயமா? விவாதத்துக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

விவாதப் போட்டிகளுக்கு நடுவராகப் போவதும், பேச வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் எனக்குப் பல வருடப் பழக்கம். வருடத்துக்கு ஒரு முறையாவது "அமெரிக்காவின் வெளியுறவுக் கொள்கை நியாயமானதா?" என்ற தலைப்பு வந்துவிடும். வந்தால் அதே சந்தேகங்கள், அதே சண்டைகள். ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துப்போய்தான் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். எண் போட்டதற்குக் காரணம், பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் எண்ணை மட்டும் காட்டும்.

1. சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். அமெரிக்கா செய்வது சரியா, தப்பா?

கேள்வி இவ்வளவு பெரிதாக இருந்தால் பதில் சொல்ல முடியாது. 1948-இல் மார்ஷல் திட்டம் தொடங்கியது. போரில் நொறுங்கிக் கிடந்த மேற்கு ஐரோப்பாவுக்குச் சில வருடங்களில் சுமார் 1,300 கோடி டாலர் போனது. 1953-இல் ஈரான் பிரதமர் மொசாதெக்கைக் கவிழ்க்க அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ. வேலை செய்தது. அடுத்த வருடமே குவாத்தமாலாவில், தேர்தலில் வென்று வந்த அர்பென்ஸின் ஆட்சியும் அதே கையால் கவிழ்ந்தது. மூன்றும் ஆறு வருடத்துக்குள் நடந்தவை. மூன்றுக்கும் சேர்த்து ஒரே மதிப்பெண் போடுவீர்களா?

அதனால் மேடையேறும் முன் ஒரு முடிவைத் தேர்ந்தெடுங்கள். எந்த வருடம், எந்த நாடு, யார் எடுத்த முடிவு? "2003-இல் ஈராக் மீது படையெடுத்தது நியாயமா" என்று கேட்டால் பேச இடம் இருக்கிறது. "அமெரிக்கா நியாயமா" என்று கேட்டால் கைதட்டல் வாங்கலாம், அவ்வளவுதான்.

2. நியாயம் என்பதை எதை வைத்து அளப்பது?

பேசுகிறவர்கள் பெரும்பாலும் நாலு வேறு கேள்விகளை இந்த ஒரு சொல்லுக்குள் திணித்துவிடுகிறார்கள். சட்டப்படி செல்லுமா? சொன்ன காரணம் ஏற்கத்தக்கதா? கையாண்ட வழி அளவோடு இருந்ததா? கடைசியில் விளைந்தது என்ன? ஒரே செயலுக்கு இந்த நாலும் நாலு பதில் தரலாம். ஒருவர் "சட்டத்தை மீறினார்கள்" என்பார். எதிரே இருப்பவர் "சர்வாதிகாரி ஒழிந்தானா இல்லையா" என்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். ஆனால் அவர்கள் ஒருவருக்கொருவர் பதில் சொல்லவே இல்லை.

நடுவராக உட்காரும்போது காகிதத்தில் நாலு கட்டம் போட்டு வைத்துக்கொள்வேன். பேசப் பேச எது எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று குறிப்பேன். பல அணிகளுக்கு ஒரு கட்டம் நிரம்பி வழியும், மற்ற மூன்றும் காலியாகக் கிடக்கும். அடிக்கடி காலியாக இருப்பது "வழி" என்ற கட்டம். வியட்நாம் போருக்கு எவ்வளவு நல்ல காரணம் சொன்னாலும், காடுகள் மீதும் வயல்கள் மீதும் ஏஜென்ட் ஆரஞ்சு என்ற, செடிகொடிகளைக் கருக்கும் நச்சு ரசாயனத்தைத் தெளித்ததற்கு அந்தக் காரணம் பதிலாகாது. அதற்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டும்.

3. எல்லா நாடும் தன் நலனைத்தானே பார்க்கிறது? அதில் என்ன தப்பு?

தப்பே இல்லை. மார்ஷல் திட்டத்துக்குள்ளும் கணக்கு இருந்தது. ஐரோப்பா எழுந்தால் அமெரிக்கச் சரக்கை வாங்கும், அங்கே கம்யூனிஸ்ட் கட்சிகளின் செல்வாக்கு குறையும். கொடுத்தவரும் வாழ்ந்தார், வாங்கியவரும் வாழ்ந்தார். "இதில் சுயநலம் இருக்கிறது" என்று காட்டிவிட்டாலே ஒரு கொள்கை அநியாயம் ஆகிவிடாது. இதைத் துருப்புச் சீட்டு மாதிரி கடைசியில் எடுத்து வீசுகிற அணிகளைப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

பார்க்க வேண்டியது வேறு: ஒருவரின் நலனுக்கு யார் தண்டம் கட்டினார்கள்? பிரிட்டிஷ் கம்பெனி ஒன்றின் கையில் இருந்த ஈரான் எண்ணெயை 1951-இல் நாட்டுடைமை ஆக்கினார்கள். அதை முன்னின்று நடத்தியவர் மொசாதெக். அவர் கவிழ்ந்த பிறகு, 1954-இல் அமைந்த எண்ணெய்க் கூட்டமைப்பில் 40 சதவீதம் அமெரிக்கக் கம்பெனிகளுக்குப் போனது. ஈரானியர்களுக்குக் கிடைத்தது இன்னும் கால் நூற்றாண்டு மன்னர் ஷாவின் ஆட்சியும் அவருடைய ரகசியப் போலீசும். கம்யூனிசத்தைத் தடுக்கத்தான் செய்தோம் என்றார்கள். வாஷிங்டனில் பலர் அதை மனதார நம்பவும் செய்தார்கள். இருக்கட்டும், தண்டம் கட்டியவர்களை யாரும் கேட்கவில்லையே.

4. சட்டம் சட்டம் என்கிறீர்களே, நாடுகளுக்கு எந்தச் சட்டம்?

1945-இல் கையெழுத்தான ஐ.நா. சாசனம். அதன் பிரிவு 2(4), இன்னொரு நாட்டின் மீது படைபலத்தைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. விலக்கு இரண்டுதான். ஒன்று, தாக்கப்பட்டால் தற்காத்துக்கொள்ளலாம் (பிரிவு 51). இன்னொன்று, பாதுகாப்பு கவுன்சிலின் அனுமதி. அந்தக் கவுன்சிலில் வீட்டோ, அதாவது எந்தத் தீர்மானத்தையும் தனியாகவே தடுக்கும் அதிகாரம், வைத்திருக்கும் ஐந்து நாடுகளில் அமெரிக்காவும் ஒன்று.

ஒரே நாட்டோடு நடந்த இரண்டு போர்களை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம். 1990 ஆகஸ்ட் 2-இல் ஈராக் குவைத்தை விழுங்கியது. நவம்பர் 29-இல் பாதுகாப்பு கவுன்சில் 678-ஆம் தீர்மானத்தின் மூலம் படைபலத்துக்கு அனுமதி கொடுத்தது. ஆதரவு 12, எதிர்ப்பு 2 (கியூபா, ஏமன்), சீனா ஒதுங்கிக்கொண்டது. சட்டக் கட்டத்தில் குறை சொல்ல முடியாது. எதிர்த்து வாக்களித்த ஏமனுக்கு அமெரிக்கா உதவியை வெட்டியது என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். 2003-இல் கதை வேறு. 2002 நவம்பரில் 1441-ஆம் தீர்மானம் 15-0 என்று நிறைவேறியது உண்மை. ஆனால் அது பேரழிவு ஆயுதங்களைத் தேடும் ஆய்வாளர்களை மறுபடி உள்ளே அனுப்பியது, ஈராக்குக்குக் கடைசி வாய்ப்பு என்றது. போருக்கு அனுமதி என்று அதில் எழுதியிருக்கவில்லை. போருக்கு வழிவிடும் இரண்டாவது தீர்மானத்துக்கு ஆள் சேராததால் அதை வாக்கெடுப்புக்கே விடாமல் படையெடுத்தார்கள். அந்தப் போர் சாசனத்துக்கு ஒத்துவரவில்லை என்று அப்போதைய ஐ.நா. பொதுச் செயலாளர் கோஃபி அன்னானே 2004-இல் சொன்னார்.

5. பெரிய நாட்டை யார் தண்டிக்கப் போகிறார்கள்? வல்லான் வகுத்ததே வாய்க்கால் என்று விட்டுவிட வேண்டியதுதானே?

இந்தக் கேள்விக்கு நிகரகுவா வழக்கை விடப் பொருத்தமான கதை கிடையாது. 1980-களில் அந்தச் சின்ன நாட்டின் அரசை எதிர்த்த கான்ட்ரா படைகளுக்கு அமெரிக்கா பணமும் பயிற்சியும் கொடுத்தது. துறைமுகங்களில் கண்ணிவெடி வைத்ததிலும் சி.ஐ.ஏ.வுக்குப் பங்கு இருந்தது. நிகரகுவா சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. விசாரிக்க உங்களுக்கு அதிகாரமில்லை என்று அமெரிக்கா நடுவிலேயே வெளியேறிவிட்டது. 1986 ஜூன் 27-இல் அமெரிக்காவுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. அதை நிறைவேற்றச் சொல்லி நிகரகுவா பாதுகாப்பு கவுன்சிலுக்குப் போனபோது அமெரிக்கா வீட்டோ போட்டது. கடைசியில் 1991-இல் நிகரகுவாவே வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

அப்படியானால் வாய்க்கால் கதைதான் என்கிறீர்களா? பாதி சரி. ஆனால் பலம் மட்டுமே போதும் என்றால், பெரிய நாடுகள் ஏன் இவ்வளவு மெனக்கெட்டுக் காரணம் சொல்கின்றன? 1956-இல் சூயஸ் கால்வாய்க்காக எகிப்தைத் தாக்கிய பிரிட்டனும் பிரான்ஸும் பின்வாங்க நேர்ந்தது. அவர்களை நெருக்கியது அவர்களின் சொந்தக் கூட்டாளியான அமெரிக்கா. பவுண்டு சரிந்துகொண்டிருந்தபோது கைகொடுக்க மறுத்தது. நியாயம் இழந்த செயலுக்குத் துணை கிடைப்பது கடினம். கிடைத்தாலும் விலை அதிகம். அந்த விலைதான் நடைமுறையில் இருக்கும் தண்டனை. சின்னத் தண்டனைதான், ஆனாலும் தண்டனை.

6. அடி விழும் முன்னே முந்திக்கொண்டு அடிப்பதும் தற்காப்புதானே?

சில நேரம், ஆமாம். இதற்கான அளவுகோல் ஒரு படகில் பிறந்தது. 1837 டிசம்பரில் கனடாவில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த கலகக்காரர்களுக்கு 'கரோலின்' என்ற அமெரிக்க நீராவிப் படகு சரக்கு கொண்டுபோய்க் கொடுத்தது. பிரிட்டிஷ் தரப்பினர் இரவில் நயாகரா ஆற்றைக் கடந்து, அமெரிக்கக் கரையில் கட்டியிருந்த அந்தப் படகைப் பிடித்துத் தீ வைத்து, அருவியை நோக்கி இழுத்துவிட்டார்கள். தற்காப்பு என்றது பிரிட்டன். அமெரிக்க வெளியுறவுச் செயலர் டேனியல் வெப்ஸ்டர் பதில் எழுதினார்: ஆபத்து அந்தக் கணமே தலைக்கு மேல் வந்திருக்க வேண்டும், வேறு வழி இல்லாமல் இருக்க வேண்டும், யோசிக்கக்கூட நேரம் இருந்திருக்கக் கூடாது. அப்போதுதான் அதைத் தற்காப்பு என்று ஏற்க முடியும்.

அன்று பிரிட்டன்தான் உலக வல்லரசு, அமெரிக்கா வளரும் நாடு. பலவானைக் கட்டிப்போட அமெரிக்கா எழுதிய விதி இது. 2003-இல் அதே விதியின் பக்கத்தில் ஈராக்கை வைத்துப் பாருங்கள். யோசிக்க நேரம் இல்லாமலா இருந்தது? மாதக்கணக்கில் யோசித்துக்கொண்டுதானே இருந்தார்கள்?

7. ஆயுதம் இருப்பதாக நிஜமாகவே நம்பித்தானே போனார்கள்? நம்பி ஏமாந்தது குற்றமா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. கேட்கிறவர்கள் பலர் நேர்மையாகக் கேட்கிறார்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். 2003 பிப்ரவரி 5. பாதுகாப்பு கவுன்சில் மேஜை முன் வெளியுறவுச் செயலர் காலின் பவல் உட்கார்ந்திருக்கிறார். பின்னால் சி.ஐ.ஏ. இயக்குநர் ஜார்ஜ் டெனட். பவல் ஒரு சின்னக் குப்பியைக் கையில் தூக்கிக் காட்டுகிறார். ஆந்த்ராக்ஸ் பொடி இவ்வளவு இருந்தால் என்னவாகும் என்று விளக்குவதற்காகக் கொண்டுவந்த குப்பி. (அந்த நாட்களில் கவுன்சில் வாசலில் தொங்கிய, போரின் கொடுமையைக் காட்டும் பிக்காசோவின் குவெர்னிகா ஓவியத்தின் நெசவுப் பிரதியை நீலத் திரை போட்டு மூடியிருந்தார்கள். தொலைக்காட்சிக் கேமராக்களுக்குப் பின்னணி சரியாக அமைய வேண்டுமாம்.) பவல் சொன்ன நடமாடும் ஆயுதக்கூடக் கதை, 'கர்வ்பால்' என்று பெயரிடப்பட்ட ஒருவர் ஜெர்மன் உளவுத் துறைக்குச் சொன்னது. பிற்பாடு அது புளுகு என்று தெரிந்தது. 2004-இல் அமெரிக்காவின் சொந்த ஆய்வுக்குழுவே ஈராக்கில் அப்படிப்பட்ட ஆயுதக் கையிருப்பு இல்லை என்று அறிக்கை கொடுத்தது. அந்த உரை தன் பெயரில் விழுந்த கறை என்று பவலே பின்னாளில் சொன்னார்.

நம்பினார்களா என்று கேட்டால், பலர் நம்பினார்கள் என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் நம்பியது போதுமா, சரிபார்த்தார்களா என்பது அடுத்த கேள்வி. அப்போது ஹான்ஸ் பிளிக்ஸ் தலைமையிலான ஐ.நா. ஆய்வாளர்கள் ஈராக்குக்குள்ளேயே இருந்தார்கள், நூற்றுக்கணக்கான சோதனைகளை முடித்திருந்தார்கள், இன்னும் சில மாதங்கள் வேண்டும் என்றார்கள். ஈராக் நைஜரிலிருந்து யுரேனியம் வாங்கப் பார்த்ததாகக் காட்டிய ஆவணங்கள் போலி என்று மார்ச் 7-ஆம் தேதியே சர்வதேச அணுசக்தி முகமையின் தலைவர் எல்பராதே கவுன்சிலில் சொல்லிவிட்டார். இரண்டு வாரம்கூடப் பொறுக்காமல் குண்டு விழுந்தது. வீட்டில் திருடன் இருக்கிறான் என்று நம்பிச் சுடுகிறவனுக்கும், விளக்கைப் போட்டுப் பார்க்கலாம் என்று பக்கத்தில் இருப்பவர் சொல்லியும் கேட்காமல் சுடுகிறவனுக்கும் வித்தியாசம் இருக்கிறது.

இது முதல் முறையும் இல்லை. 1964 ஆகஸ்ட் 2-இல் டோங்கின் வளைகுடாவில் 'மேடக்ஸ்' என்ற அமெரிக்கப் போர்க்கப்பலை வடவியட்நாம் படகுகள் தாக்கியது நிஜம். ஆகஸ்ட் 4-இல் இரண்டாவது தாக்குதல் என்றார்கள். அங்கே இருந்த கேப்டன் ஹெரிக், மோசமான வானிலை ரேடாரைக் குழப்பியிருக்கலாம், சோனார் ஆட்கள் பதற்றத்தில் இல்லாததைக் கேட்டிருக்கலாம், முழுதாகச் சரிபார்த்துவிட்டு எதையும் செய்யுங்கள் என்ற பொருளில் செய்தி அனுப்பினார். ஆனால் அன்றிரவே அதிபர் ஜான்சன் தொலைக்காட்சியில் தோன்றிப் பதிலடி என்று அறிவித்தார். மூன்று நாளில் நாடாளுமன்றம் அவருக்குப் போர் அதிகாரத்தைத் தூக்கிக் கொடுத்தது. அந்த இரண்டாவது தாக்குதல் நடக்கவே இல்லை.

8. சரி, ஆயுதம் இல்லை. ஆனால் சதாம் கொடுங்கோலர்தானே? அவர் போனது நல்லதுதானே?

கொடுங்கோலர் என்பதில் சந்தேகமே இல்லை. 1988 மார்ச்சில் ஹலப்ஜா என்ற குர்து ஊரின் மீது விஷவாயு வீசி ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றவர். ஆனால் அந்தச் சமயத்தில் ஈரானுக்கு எதிரான போரில் வாஷிங்டன் சாய்ந்திருந்தது ஈராக் பக்கம். பதினைந்து வருடம் கழித்து ஹலப்ஜாவைக் காரணம் காட்டினால், அன்று ஏன் ஈராக்கைக் கைவிடவில்லை என்று கேட்கத்தானே செய்வார்கள்?

மற்றபடி இது இரண்டாம் கேள்வியில் சொன்ன கட்டத் தாவல்தான். "காரணம்" என்ற கட்டம் காலியானதும் "விளைவு" என்ற கட்டத்துக்குத் தாவுகிறார்கள். தாவட்டும், ஆனால் அங்கே போனால் பின்னால் வந்த உள்நாட்டுச் சண்டை, ஐ.எஸ். அமைப்பின் எழுச்சி எல்லாம் அதே கட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கும்.

9. கண்ணெதிரே இனப்படுகொலை நடந்தாலும் சட்டம் பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டுமா?

இங்கேதான் என் நாலு கட்டமும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. ருவாண்டா, 1994: சுமார் நூறு நாளில் எட்டு லட்சம் பேர் அளவுக்குக் கொல்லப்பட்டார்கள். முந்தைய வருடம் சோமாலியாவில் 18 வீரர்களை இழந்த அமெரிக்காவுக்கு மறுபடி ஆப்பிரிக்காவில் மாட்டிக்கொள்ள மனமில்லை. இனப்படுகொலை என்ற சொல்லை உச்சரித்தால் ஏதாவது செய்ய நேருமே என்று அதிகாரிகள் வார்த்தையைச் சுற்றிச் சுற்றி நடந்தார்கள். கொலைகள் நடந்துகொண்டிருக்கும்போதே பாதுகாப்பு கவுன்சில் அங்கிருந்த ஐ.நா. படையைக் கூட்டாமல் குறைத்தது. சட்ட மீறல் எதுவும் இல்லை. ஆனால் அதை நியாயம் என்று சொல்ல யாருக்காவது நா எழுமா? 1998-இல் அதிபர் கிளின்டன் ருவாண்டாவின் தலைநகர் கிகாலிக்குப் போய், செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்று ஒப்புக்கொண்டார். சும்மா இருந்ததும் ஒரு கொள்கை முடிவுதான். அதையும் இந்தத் தலைப்பில் விவாதிக்கலாம்.

கொசோவோ இதற்கு நேர் எதிர். அங்கே அல்பேனியர்களைச் செர்பியப் படைகள் ஒடுக்குவதை நிறுத்த, 1999-இல் பாதுகாப்பு கவுன்சில் அனுமதி இல்லாமலே அமெரிக்கா தலைமையிலான நேட்டோ ராணுவக் கூட்டணி 78 நாள் குண்டு போட்டது. பின்னால் விசாரித்த சுயேச்சை ஆணையம் ஒன்று, சட்டத்துக்குப் புறம்பானது, ஆனாலும் நியாயமானது என்று சொன்னது. அந்த ஒரு வரி எனக்குப் பல இரவு தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது. 2014-இல் கிரிமியாவை எடுத்துக்கொண்ட புடின், தன் பக்கத்துக்கு முன்னுதாரணமாகக் காட்டியதும் இதே கொசோவோவைத்தான். நீங்கள் நல்ல எண்ணத்தோடு உடைத்த வேலியில் அடுத்தவன் எந்த எண்ணத்தோடும் நுழையலாம்.

லிபியாவில் அனுமதி இருந்தது. 2011 மார்ச் 17-இல் வந்த 1973-ஆம் தீர்மானம், பொதுமக்களைக் காக்கத் தேவையானதைச் செய்யலாம் என்றது. ரஷ்யா, சீனா, இந்தியா, பிரேசில், ஜெர்மனி ஐந்தும் வாக்களிக்காமல் ஒதுங்கின. காப்பாற்றுவதில் தொடங்கியது கடாஃபியைக் கவிழ்ப்பதில் போய் முடிந்தது, நாடு இரண்டாகப் பிளந்தது. கொடுத்த சீட்டில் எழுதியதற்கு மேல் செய்துவிட்டார்கள் என்று ரஷ்யாவும் சீனாவும் கோபப்பட்டன. அதே வருடம் அக்டோபரில் சிரியா பற்றிய தீர்மானத்தை இரண்டும் வீட்டோ செய்தன. லிபியாவில் எல்லை தாண்டியதற்கு, வேறு எதனோடும் சேர்த்து, சிரியர்களும் விலை கொடுத்தார்கள் என்பது என் எண்ணம்.

10. வியட்நாம் கம்போடியாவுக்குள் புகுந்ததை மட்டும் ஏன் யாரும் கண்டிக்கவில்லை?

நன்றாகவே கண்டித்தார்கள்! 1978 டிசம்பரில் வியட்நாம் படை நுழைந்தது, ஜனவரி 7-இல் போல் பாட் ஆட்சி விழுந்தது. பதினைந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சாகடித்த ஆட்சி அது. உலகம் நன்றி சொல்லவில்லை. சீனா வியட்நாம் மீது படையெடுத்தது. ஐ.நா.வில் கம்போடியாவின் நாற்காலி பல வருடங்கள் போல் பாட்டின் கெமர் ரூஜ் தரப்பிடமே இருந்தது, அதற்கு அமெரிக்காவும் ஆதரவாக வாக்களித்தது. வியட்நாமும் மனிதாபிமானம் என்று சொல்லிக்கொண்டு போகவில்லை. எல்லையில் தன் கிராமங்களைத் தாக்கினார்கள், தற்காப்பு என்றது.

காரணத்தில் சுயநலம், சட்டத்தில் சந்தேகம், விளைவில் ஒரு கொலைகார ஆட்சியின் முடிவு. விளைவு ஒன்றே போதும் என்று வாதிடும் அணி, வியட்நாமைக் கண்டித்த அமெரிக்காவை எப்படி நியாயப்படுத்தும் என்று எதிரணி கேட்க வேண்டும். கேட்டதை நான் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன்.

11. பொருளாதாரத் தடையில் ரத்தம் சிந்தாதே? போரை விட அது மேல்தானே?

பல நேரம் மேல், எப்போதும் இல்லை. 1990 முதல் ஈராக் மீது இருந்த தடை சாதாரண மக்களை வாட்டியது. அங்கே ஐ.நா. உதவிப் பணிக்குத் தலைமை வகித்த டெனிஸ் ஹாலிடே 1998-இலும், அவருக்குப் பின் வந்த ஹான்ஸ் வான் ஸ்போனெக் 2000-இலும் இதை எதிர்த்தே பதவி விலகினார்கள். சதாமின் அரண்மனைகளில் விளக்கு அணையவில்லை. கியூபா மீதான தடை அறுபது வருடத்தைத் தாண்டிவிட்டது, ஆட்சி மாறவில்லை. அதை எதிர்த்து ஐ.நா. பொதுச்சபை 1992 முதல் தீர்மானம் போட்டு வருகிறது. 2023-இல் 187 நாடுகள் ஆதரித்தன, எதிர்த்தவை அமெரிக்காவும் இஸ்ரேலும் மட்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. "தடையால் ஈராக்கில் ஐந்து லட்சம் குழந்தைகள் செத்தார்கள்" என்ற எண்ணை மேடையில் வீசாதீர்கள். 2003-க்குப் பிறகு நடந்த கணக்கெடுப்புகளில் அப்படி ஓர் ஏற்றம் தெரியவில்லை. பழைய கணக்கெடுப்பை சதாம் அரசு திரித்துவிட்டது என்று ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். விவரம் தெரிந்த எதிரணி இதை எடுத்தால், நீங்கள் சொன்ன மற்ற உண்மைகளும் சேர்ந்து அடிவாங்கும். தடைக்கு எதிரான வாதம் அந்த எண் இல்லாமலே நிற்கும்.

12. ரஷ்யாவும் சீனாவும் மட்டும் யோக்கியமா?

இல்லை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரன் திருடன் என்பது என் திருட்டுக்கு நற்சான்றிதழ் ஆகாது. இந்தக் கேள்வியை ஒழுங்காகப் பயன்படுத்த ஒரு வழி இருக்கிறது. பயிற்சியில் நான் ஒரு காகிதம் கொடுப்பேன். "ஒரு பெரிய நாடு. அதன் வாசலில் ஒரு சின்ன நாடு எதிரி முகாமோடு சேர்கிறது. அங்கே எதிரியின் ஏவுகணைகள் வருகின்றன. பெரிய நாடு கடலை மறிக்கிறது, தேவைப்பட்டால் படையெடுப்போம் என்கிறது. நியாயமா?" உடனே பலர் ரஷ்யா, உக்ரைன் என்று எழுதி, அநியாயம் என்று முடித்துவிடுவார்கள். பெரிய நாடு அமெரிக்கா, சின்ன நாடு சோவியத் ஏவுகணைகள் வந்து இறங்கிய 1962-இன் கியூபா என்று சொன்னதும் அறையில் சத்தம் அடங்கிவிடும். அப்புறம் இரண்டுக்கும் உள்ள வித்தியாசங்களைத் தேடுவார்கள். தேடட்டும், வித்தியாசங்கள் இருக்கின்றன. அன்றைய அதிபர் கென்னடி கடைசியில் படையெடுக்கவில்லை. துருக்கியில் இருந்த தன் ஏவுகணைகளை ரகசியமாக விலக்கிக்கொள்ளச் சம்மதித்துப் பேசி முடித்தார். 2022-இல் புடின் படையை நேராக உள்ளே அனுப்பினார்; அதைக் கண்டித்து மார்ச் 2-இல் ஐ.நா. பொதுச்சபையில் 141 நாடுகள் வாக்களித்தன.

பெயரை மாற்றிப் போட்டாலும் உங்கள் தீர்ப்பு அப்படியே நிற்கிறதா என்பதுதான் சோதனை. நின்றால் அது வாதம்.

13. அமெரிக்கா ஒதுங்கினால் அதைவிட மோசமானவன் அந்த இடத்துக்கு வருவானே?

வரலாம். ஸ்டாலின் தரைவழிகளை அடைத்த மேற்கு பெர்லினுக்கு 1948-49-இல் விமானத்தில் சாப்பாடும் நிலக்கரியும் கொண்டுபோய்க் கொட்டாமல் இருந்திருந்தால் அவர் அதை விழுங்கியிருப்பார் என்று சொன்னால் மறுப்பது கடினம். ஆனால் இதே வாக்கியம் குவாத்தமாலாவுக்கும் சொல்லப்பட்டது. அங்கே வந்தது சோவியத் ஆட்சி இல்லை. ராணுவ ஆட்சிகளும் 1996 வரை இழுத்த உள்நாட்டுப் போரும்தான் வந்தன. "மோசமானவன்" யார், எவ்வளவு அருகில் இருந்தான் என்று காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாவிட்டால் அது பூச்சாண்டி.

14. நல்லது எவ்வளவோ செய்திருக்கிறார்களே, அதைக் கழித்துவிட்டுக் கணக்குப் பார்க்கக் கூடாதா?

செய்திருக்கிறார்கள். 2003-இல் புஷ் தொடங்கிய எய்ட்ஸ் நிவாரணத் திட்டம் இரண்டரைக் கோடி உயிர்களைக் காத்ததாக அமெரிக்க அரசின் கணக்கு. அதே வருடம், அதே அதிபர், ஈராக். ஒன்றைக் காட்டி இன்னொன்றை அழிக்க முடியாது. ஆப்பிரிக்காவில் மாத்திரை கிடைத்துப் பிழைத்தவரும் பாக்தாதில் செத்தவரும் வேறு வேறு ஆட்கள்.

15. இத்தனை வருடம் கழித்துத் தீர்ப்பு சொல்வது சுலபம். அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

அன்றைக்கே தெரிந்தவர்கள் இருந்தார்களா என்று பாருங்கள். அதுதான் இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில். ஜான்சனுக்குப் போர் அதிகாரம் கொடுத்த டோங்கின் தீர்மானம் (கேள்வி 7) கீழவையில் 416-0, மேலவையில் 88-2. அந்த இரண்டு பேர் வெய்ன் மோர்ஸ், எர்னஸ்ட் க்ரூனிங். இது அதிபர் கையில் முன்கூட்டியே கொடுக்கும் போர்ப் பிரகடனம் என்ற ரீதியில் எச்சரித்தார்கள். செப்டம்பர் 11 தாக்குதலுக்கு மூன்று நாள் கழித்து, 2001 செப்டம்பர் 14-இல் கீழவை 420-1 என்று போர் அதிகாரம் கொடுத்தபோது அந்த ஒரே எதிர்வாக்கு பார்பரா லீயுடையது. அந்தத் தீர்மானத்தை வைத்துக்கொண்டு பிற்பாடு பல நாடுகளில் தாக்குதல் நடத்தினார்கள்.

1971-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய வங்கதேசமான கிழக்கு பாகிஸ்தானில் பாகிஸ்தான் ராணுவம் மக்களைக் கொன்று குவித்துக்கொண்டிருந்தது. டாக்காவில் அமெரிக்கத் துணைத் தூதராக இருந்தவர் ஆர்ச்சர் பிளட். ஏப்ரல் 6-இல் அங்கிருந்த அமெரிக்க அதிகாரிகள் 20 பேர் கையெழுத்திட்ட மறுப்புத் தந்தி வாஷிங்டனுக்குப் போனது. நம் அரசு ஒழுக்கத்தில் திவாலாகிவிட்டது என்பது அதன் சாரம். அதிபர் நிக்சனும் அவருடைய ஆலோசகர் கிஸ்ஸிஞ்சரும் பாகிஸ்தானைக் கைவிடவில்லை, ஏனென்றால் சீனாவுக்கு ரகசியப் பாதை அந்த நாட்டின் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிளட்டை அங்கிருந்து மாற்றினார்கள். தெரியாமல் செய்தார்கள் என்று இந்த முடிவுக்கு வக்காலத்து வாங்க முடியாது. தெரிந்தே, வேறு ஒன்றைப் பெரிதாக நினைத்துச் செய்தார்கள் என்று வாதாடலாம். சீன உறவு அவ்வளவு பெரியதா என்று பேசுங்கள், நல்ல விவாதமாக இருக்கும்.

16. இப்படிப் பேசினால் அமெரிக்க வெறுப்பு என்று முத்திரை குத்துகிறார்களே?

பதினைந்தாம் பதிலில் உள்ள பெயர்களைப் படித்துக் காட்டுங்கள். எல்லாரும் அமெரிக்கர்கள்.

17. எனக்கு விழுந்த பக்கம் நான் நம்பாத பக்கம். எப்படிப் பேசுவது?

முதல் பதிலை மறுபடி படியுங்கள். "நியாயமே" என்ற பக்கம் விழுந்தால் ஈராக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூழ்க வேண்டியதில்லை. பெர்லின், குவைத், சூயஸில் பிரிட்டனை நெருக்கியது ஆகியவற்றை எடுங்கள், ஈராக் தவறு என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். "அநியாயமே" என்ற பக்கம் விழுந்தால் குவைத்தை எதிர்க்கப் போகாதீர்கள். அங்கே உங்களுக்குக் காலூன்ற இடம் இல்லை. ஈரான், குவாத்தமாலா, நிகரகுவா போதும். நம்பாத பக்கத்துக்காகத் தயார் செய்யும்போதுதான், நம்பும் பக்கத்தில் எத்தனை செங்கல் ஆட்டம் கண்டிருக்கிறது என்று தெரியவரும். எனக்கு அப்படித்தான் அந்தக் குழந்தைகள் எண் (கேள்வி 11) பொய் என்று தெரிந்தது. அதற்கு முன் நானே அதை மேடையில் சொல்லியிருக்கிறேன்.

18. எல்லாம் சரி, நீங்கள் எந்தப் பக்கம்?

ஈரான் 1953, குவாத்தமாலா, நிகரகுவா, 2003-இன் ஈராக்: நாலும் அநியாயம் என்பதில் எனக்குத் தடுமாற்றம் இல்லை. மார்ஷல் திட்டம், பெர்லின், குவைத்தை மீட்டது: நியாயம் என்பேன். குவைத் போரில் கையாண்ட வழிகள் சிலவற்றை மட்டும் தனியாக விவாதிக்க வேண்டும். ருவாண்டாவில் சும்மா இருந்ததை ஈராக்குக்குப் பக்கத்திலேயே வைப்பேன், அதற்காகச் சிலர் என்னோடு சண்டைக்கு வருகிறார்கள்.

கொசோவோவைப் பற்றிக் கேட்காதீர்கள். அதில் இதுவரை இரண்டு முறை கட்சி மாறியிருக்கிறேன். போன தடவை ஒரு மாணவி வேலி பற்றிய என் வாதத்தையே எடுத்து, "வேலிக்கு அந்தப் பக்கம் சாகிறவர்களிடம் போய் இதைச் சொல்வீர்களா?" என்று கேட்டுவிட்டாள். மதிப்பெண்ணை அவளுக்குக் கொடுத்தேன், பதிலை இன்னும் கொடுக்கவில்லை.